நடுத்தர நகரத்தின் மேயர் பதவி: ஏற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி – வைகறை

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நகராட்சியாக இருந்து மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஓர் ஊரில் மாமன்ற உறுப்பினராக இருக்கிறேன். 2022 பிப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக வென்று வந்தவள். தனியார் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகவும் தொடர்கிறேன். எங்கள் மாநகராட்சியின் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இப்போதைய மேயர் அடுத்த முறை போட்டியிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டதால், நான் ஏன் அதற்குத் தயாராகக் கூடாது என்று கட்சியின் மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தப் பதவியை அருகிலிருந்து பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மாமன்றக் கூட்டத்தை எதிர் இருக்கையிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறேனே தவிர, மேடைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. சென்ற கூட்டத்தில் முடிவெடுப்பதற்கென்று எழுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் நிரலில் வைக்கப்பட்டன. ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொரு பக்கத்திலிருந்து ‘நிறைவேற்றப்பட்டது’ என்ற குரல் வர, அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவற்றில் கணிசமானவை, மேயரின் முன் அனுமதியின் பேரில் பணியே முடிந்து, மன்றத்தின் பின்னேற்புக்காக, அதாவது செய்து முடித்ததற்குப் பிறகு கேட்கும் ஒப்புதலுக்காக, வந்தவை. அலுவலர்களைக் கேட்டால் மேயர் ஒப்புக்கொண்டார் என்கிறார்கள். மேயரைக் கேட்டால் ஆணையர் வைத்தது என்கிறார். உண்மையில் முடிவெடுத்தவர் யார் என்பதே தெரியாத ஓர் இருக்கையில் போய் அமர்வதில் என்ன பொருள் இருக்கிறது?

இன்னொரு கவலையும் உண்டு. என் வார்டிலேயே குடிநீர், தெருநாய், பட்டா, குடும்ப அட்டை, மின்கம்பம் என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள். இவற்றில் பாதி மாநகராட்சியின் கையில் இல்லாதவை. மேயரானால் ஊர் முழுவதும் இப்படிக் கேட்கும். மேயர் தாமாக என்னதான் செய்ய முடியும்? மதிப்பூதியத்தை நம்பி ஆசிரியப் பணியை விட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 – பழைய கண்காணிப்பாளர்

அம்மா, வணக்கம். நகராட்சியிலும் பிறகு மாநகராட்சியிலும் பணியாற்றி, மன்றப் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மேயர் அறைக்கும் ஆணையர் அறைக்கும் இடையே கோப்புகளோடு பல ஆண்டுகள் நடந்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை உறுதி செய்ததோடு, பன்னிரண்டாவது அட்டவணையில் நகரமைப்பு முதல் இடுகாடு, இறைச்சிக்கூடம் வரை 18 பொருள்களையும் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எவற்றை, எந்த அளவுக்குக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் 2023இல் வந்த விதிகளும், மாமன்றத்தை முடிவெடுக்கும் அமைப்பாகவும் ஆணையரை அந்த முடிவுகளை நிறைவேற்றுபவராகவும் நிறுத்துகின்றன. மேயர் மாமன்றத்தின் தலைவர். நிர்வாகத்தின் தலைவர் ஆணையர். அந்த ஆணையரை அனுப்புவதும் அழைத்துக்கொள்வதும் அரசு. மாநகரப் பொறியாளர் போன்ற உயர் அலுவலர்களும் அரசின் ஆணையால் ஊர் மாறி வருகிறவர்கள்தாம். ஆகவே ஓர் உதவிப் பொறியாளர் வேலை செய்யவில்லை என்றால், மேயர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கண்டிக்கலாம், மேலே எழுதலாம், மாற்ற முடியாது. இதை முதல் நாளே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளாத மேயர்கள், முதல் ஆறு மாதங்களை ஆணையரோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, முடிவெடுப்பவர் யார் என்பது. ஒரு மன்றப் பொருள் பிறக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் அதற்கு விடை கிடைக்கும். பிரிவு எழுத்தர் அலுவலகக் குறிப்பு எழுதுகிறார். பொறியியல் பணியாக இருந்தால் மதிப்பீடு அதனோடு இணைகிறது. அது படிப்படியாக ஆணையர் வரை சென்று, ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது’ என்ற வரியோடு மேயரின் மேசைக்கு வருகிறது. அந்த மேசையில் அது எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதில்தான் ஒரு மேயருக்கும் இன்னொரு மேயருக்கும் வேறுபாடு. பலர் கூட்டத்துக்கு முந்தைய மாலையில், கார் புறப்பட நிற்கும்போது, கட்டாகக் கொடுத்ததில் கட்டாகவே கையெழுத்திடுவார்கள். உங்கள் எழுபது பொருள்கள் அரை மணியில் முடிந்த கதை அந்த மாலையிலேயே தொடங்கிவிட்டது.

நான் பணிபுரிந்த இடத்தில் ஒரு மேயர் இருந்தார். பெரிய படிப்பு இல்லை. அரிசிக் கடை வைத்திருந்தவர். வரைவுப் பொருள்களை ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, வார்டு வரைபடத்தை மேசையில் விரித்துக்கொண்டு, தொடர்புடைய பொறியாளரை எதிரில் உட்கார வைத்துப் படிப்பார். ஒருமுறை ஒரு மழைநீர் வடிகால் பணி வந்தது. எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது, எத்தனை மீட்டர், எவ்வளவு தொகை எல்லாம் சரியாக இருந்தன. ‘முடிகிற இடத்துக்கு அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?’ என்று கேட்டார். வடிகால் சேர வேண்டிய வாய்க்காலின் படுகை, வடிகாலின் கடைசித் தளமட்டத்தைவிட உயரத்தில் இருந்தது. கட்டியிருந்தால் வாய்க்கால் நீர் தெருவுக்குள் திரும்பி வந்திருக்கும். பொருள் ஒத்திவைக்கப்பட்டது, மட்டம் திருத்தி அடுத்த கூட்டத்துக்குப் பின் மறுபடி வந்தது. இதற்கு எந்தச் சிறப்பு அதிகாரமும் தேவைப்படவில்லை. மாநகராட்சியின் ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை மேயருக்கு உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர் என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டால் குறிப்புகளே வேறு மாதிரி எழுதப்பட்டு வரும்.

அடுத்தது பணம். இதில்தான் நடுத்தர நகரம் வசமாக மாட்டிக்கொள்கிறது. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம் என்று வருவாயின் பெயர்கள் நிறைய இருந்தாலும், தொழில் வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை அரசியலமைப்பே விதித்திருக்கிறது. பேருந்து நிலையக் கடைகளின் வாடகையோ ஏலம், வழக்கு, நிலுவை என்று இழுபடும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படும் 10 விழுக்காட்டில் நம் பங்கு வந்தாலும், சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை, பழைய கடன் தவணை ஆகியவை போக மிஞ்சுவது சொற்பம். பெரிய பணி என்றால் அரசுத் திட்டத்தின் பெயரில்தான் நடக்கும். திட்டத்தின் பெயர் மாறும்போது முன்னுரிமையும் மாறும்.

எனவே பதவியேற்ற முதல் வாரத்திலேயே ‘கேட்பு, வசூல், நிலுவை’ பட்டியலை, அதாவது வர வேண்டியது, வந்தது, பாக்கி என்ற கணக்கை, வார்டு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கணித ஆசிரியை. அந்தப் பட்டியல் உங்களுக்குப் பேசும். எந்தத் தெருவில் குடிசைக்காரர் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார், எந்தத் திருமண மண்டபம் பல ஆண்டுகளாகக் கட்டவில்லை என்பது அதில் அப்பட்டமாக இருக்கும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது; ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதை ஊருக்குள் சொல்ல வைப்பது மேயரால் முடிகிற காரியம்.

2022இல் உங்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். மார்ச் 4 அன்று மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்; ஒரு மாதம் முடிவதற்குள் சொத்து வரி உயர்வு வந்துவிட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு. மத்திய நிதி ஆணையத்தின் மானியத்தைப் பெற வேண்டுமானால் சொத்து வரியின் அடிப்படை வீதத்தை அறிவித்து, வசூலையும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு ஒட்டி உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதன் பின்னால் இருந்தது. மாமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. நிறைவேற்றாமல் இருக்கும் சுதந்திரம் நடைமுறையில் இல்லை. ஆனால் தெருவில் பழி கேட்டவர்கள் மேயரும் நீங்களும்தாம். இந்தப் பதவியில் பிறர் எடுத்த முடிவுக்குப் பதில் சொல்லும் வேலை எப்போதும் இருக்கும்.

மதிப்பூதியம் 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, உறுப்பினருக்கு 10,000 ரூபாய். வாகனமும் உதவியாளரும் உண்டு. வீட்டுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் 30,000 ரூபாய், திருமண மொய்க்கும் துக்க வீட்டு மாலைக்குமே சரியாகப் போகும். முழுநேர வேலை என்பதில் ஐயமே வேண்டாம். பள்ளியில் நீண்ட விடுப்புக் கிடைக்குமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

மறுமொழி 2 – இரண்டு முறை உறுப்பினர்

சகோதரி, கண்காணிப்பாளர் ஐயா சொன்னதெல்லாம் மேடைக்கு உள்ளே நடப்பது. நான் மேடைக்குக் கீழே நடப்பதைச் சொல்கிறேன். 2011இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தபோதும் உறுப்பினராக இருந்தேன். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்தபோதும் இருந்தேன். இரண்டும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வெவ்வேறு பதவிகள் என்றே சொல்வேன்.

நேரடியாக வென்ற மேயருக்கு, மன்றத்தில் யார் முறைத்தாலும் ஊர் முழுவதும் வாங்கிய வாக்கு பின்னால் நின்றது. மறைமுகத் தேர்தலில் வந்தவருக்கு அந்தப் பின்புலம் கிடையாது. கட்சித் தலைமை பெயரை அறிவிக்கிறது, உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். அறிவித்தவர்களுக்கும் வாக்களித்தவர்களுக்கும் அவர் கடன்பட்டவராகிறார். கும்பகோணத்தில் 2022இல் முதல் மேயராக வந்தவர் ஆட்டோ ஓட்டுநரான ஒரு காங்கிரஸ் உறுப்பினர். மன்றத்தில் பெரும்பான்மை தி.மு.க.வுக்கு, அவருடைய கட்சிக்கோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உறுப்பினர்கள். எளிய மனிதர் ஒருவர் மேலங்கி அணிந்து அமர்ந்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தம் கட்சியைச் சேராதவர்களின் கைகளை நம்பியிருக்க வேண்டிய நிலை எப்படிப்பட்டது என்பதை அந்தப் பதவிக்கு ஆசைப்படும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் நிம்மதி என்றும் நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலியில் மேயர் மீது ஆளுங்கட்சி உறுப்பினர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் அதற்கென்று கூட்டப்பட்ட கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர்கூட வராததால் தீர்மானம் விழுந்தது. மேயர் தப்பித்தார் என்று எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அவர் பதவி விலகினார். ஆகஸ்ட்டில் புதிய மேயரைத் தேர்ந்தெடுத்தபோது, கட்சி அறிவித்த வேட்பாளரை எதிர்த்து அதே கட்சி உறுப்பினர் ஒருவர் நின்று, இருபதுக்கு மேற்பட்ட வாக்குகளையும் வாங்கினார். காஞ்சிபுரத்திலும் 2024 ஜூலையில் இதே காட்சி: தீர்மானத்துக்கென்று கூட்டம் கூட்டப்பட்டது, உறுப்பினர்கள் வரவில்லை, தீர்மானம் தோற்றது. வராமல் இருந்தவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மேலிடத்துப் பேச்சுக்காக அன்று வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கசப்பு எங்கே தொடங்குகிறது? என் அனுபவத்தில், பத்துக்கு எட்டு இடங்களில், வார்டுகளுக்குப் பணி ஒதுக்குவதில். பக்கத்து வார்டுக்கு மூன்று தெருக்களில் பேவர் பிளாக், எனக்கு ஒரு குழாய்கூட இல்லை என்பதில் தொடங்கி, என் வார்டு வேலையின் ஒப்பந்தக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது என்பதில் வளர்ந்து, மேயர் வீட்டில் போனை எடுப்பது வேறொருவர் என்பதில் வெடிக்கும். கடைசியாகச் சொன்னதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் மேயர் என்றால் கணவரோ சகோதரரோ ஆய்வுக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உறுப்பினர்கள் அதை ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள்; பிறகு அதையே ஆயுதமாக்குவார்கள். உங்கள் கைப்பேசியை நீங்களே எடுங்கள்.

எதிர்க்கட்சி வார்டுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். நிதி குறைவு என்றால், எந்த அளவுகோலில் பிரித்தோம் என்பதை, மக்கள்தொகையோ தெருக்களின் நீளமோ, எழுதி மன்றத்தில் வைத்துவிடுங்கள். கத்துவார்கள்; ஆனால் கத்துவதற்குக் காரணம் குறைந்துவிடும். மாவட்டச் செயலாளரும் அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் தத்தமக்கு ஒரு பட்டியல் தருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு நான் வழி சொல்ல முடியாது.

மறுமொழி 3 – யாழ் நகரவாசி

வணக்கம் சகோதரி. எங்கள் பக்கத்து நிலைமையையும் பதிவு செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன். இங்கே மாநகர சபையின் தலைவரை முதல்வர் என்கிறோம். இலங்கையின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி முதல்வரே சபையின் நிறைவேற்றுத் தலைவர். ஆணையாளர் நிர்வாகத்தைக் கவனிக்கிறார். உங்கள் மேயர் கேட்டு ஏங்கும் அதிகாரம் இங்கே முதல்வருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறார்கள். முதல்வர் கொண்டுவரும் வரவுசெலவுத் திட்டத்தைச் சபை இரண்டாம் முறையும் நிராகரித்தால் அவர் பதவி இழப்பார்.

யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் அதுதான் நடந்தது. அப்போதைய முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்டின் வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்று, அவர் பதவி இழந்தார். அதே மாத இறுதியில் நடந்த தேர்வில் அவர் மீண்டும் போட்டியிட, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வி. மணிவண்ணன் முதல்வரானார். ஈராண்டுகள் கழித்து மணிவண்ணன் பதவி விலக, 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் மறுபடி வந்தார். அந்தச் சபையின் ஆயுளோ மார்ச்சில் முடிந்தது. அதன்பின் 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. இத்தனை கூத்துக்கும் நடுவே கழிவகற்றலும் வடிகாலும் ஆதன வரியும் (உங்கள் சொத்து வரி) யார் பொறுப்பில் இருந்தன என்று கேட்டால், ஆணையாளரின் பொறுப்பில் என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, சட்டத்தில் எழுதியிருக்கும் அதிகாரத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சபையில் எண்ணிக்கை இல்லாத நிறைவேற்றுத் தலைவர், உங்கள் ஊர் மேயரைவிடப் பலவீனமானவர்.

நீங்கள் பெண் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த நகரின் முதல் பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் பதவிக்கு வந்து, அதே ஆண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். அந்தக் காலம் போய்விட்டது. 2025இல் மறுபடி ஒரு பெண் முதல்வர் ஆசனத்தில் அமர்ந்தார். உங்களுக்கு இருக்கும் இடர்கள் கோப்பும் கோபமும் மட்டுமே என்பதை நான் நல்ல செய்தியாகத்தான் பார்க்கிறேன்.

மறுமொழி 4 – வரி கட்டுபவர்

மேலே எழுதிய மூவரும் மேயருக்குப் பரிவு காட்டியிருக்கிறார்கள். வரி கட்டுகிறவனாக எனக்கு அவ்வளவு பரிவு இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பின் 2022 மார்ச் வரை தமிழ்நாட்டு நகரங்களை, மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களே ஆண்டார்கள். பொலிவுறு நகர (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் பெரும்பகுதிப் பணிகளுக்கு அந்த ஆண்டுகளில்தான் ஒப்பந்தம் விடப்பட்டது, அதுவும் மாநகராட்சிக்கு வெளியே தனியாகப் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் வழியாக. அப்போது கேட்க ஆளில்லை. ஆள் வந்தபின்னும் கேட்பதற்குக் கேள்வி இல்லை என்பதே என் வருத்தம். மேயருக்கு அதிகாரம் இல்லை என்ற பேச்சு, பல மேயர்களுக்கு வசதியான மறைவிடமாகிவிட்டது.

நேரடித் தேர்தலையே 1996இல் கொண்டுவந்து, 2006இல் எடுத்து, 2011இல் மறுபடி கொடுத்து, பிறகு மீண்டும் மாற்றி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறைமுகமாக்கினார்கள். ஆளுக்கேற்பச் சட்டம் வளைகிற இடத்தில் பதவிக்கு மரியாதை எங்கிருந்து வரும்? இருந்தாலும், அம்மையார் நிற்பதாக இருந்தால் ஒன்று செய்யட்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று ஆரவாரமாகத் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபைக் கூட்டங்கள் எங்கள் வார்டில் இப்போது கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டன. அவற்றை ஒழுங்காக நடத்தச் செய்து, அங்கே வந்த கோரிக்கை எந்தத் தீர்மானமானது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று அடுத்த சபையில் வாசிக்க வைக்கட்டும். அதற்கு ஆணையரின் தயவு பெரிதாகத் தேவைப்படாது.

வைகறை

அனைவருக்கும் நன்றி. பட்டாவும் குடும்ப அட்டையும் கேட்டு வருகிறவர்களை எப்படி எதிர்கொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. அதை நான் பழகிக்கொள்கிறேன். கண்காணிப்பாளர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. முன் அனுமதியின் பேரில் பணியை முடித்துவிட்டுப் பின்னேற்புக்கு வைக்கும் வழக்கத்தை மேயர் நினைத்தால் நிறுத்த முடியுமா? மறுத்தால், குடிநீர் நின்றதற்கு மேயர்தான் காரணம் என்று பழி போடமாட்டார்களா?

பழைய கண்காணிப்பாளர்

போடுவார்கள் அம்மா, அந்தப் பழிக்குப் பயந்துதான் பெரும்பாலோர் கையெழுத்திடுகிறார்கள். முன் அனுமதி என்பதே தவறான ஏற்பாடு அன்று. பிரதான குழாய் உடைந்து நான்கு வார்டுகளுக்குத் தண்ணீர் நின்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியாது. மழைக்காலத்தில் மோட்டார் வாடகைக்கு எடுக்க வேண்டும். கொசு மருந்து தீர்ந்துபோகும். இவை உண்மையான அவசரங்கள். இந்தக் கதவின் வழியாக, பூங்காவுக்கு வண்ணம் பூசுவதும் அலுவலகத்துக்கு நாற்காலி வாங்குவதும் உள்ளே வரும்போதுதான் பிரச்சினை. ஒரே பணியைச் சிறு சிறு மதிப்பீடுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கும்படி கொண்டுவருவதும் இந்தக் கதவின் வழியாகத்தான்.

நிறுத்தப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். முன் அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும் என்று முதல் மாதமே எழுத்துமூலம் சொல்லிவிடுங்கள்: பழுது தெரிந்த தேதி, யார் தெரிவித்தார்கள், அடுத்த கூட்டம் வரை தள்ளினால் என்ன ஆகும். உண்மையான அவசரத்துக்கு இவற்றை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாற்காலி வாங்கும் குறிப்புக்கு மூன்றாவது விவரத்தை எழுத எந்த எழுத்தருக்கும் கை வராது. அது தானாகவே சாதாரணக் கூட்டத்துக்குப் போய்விடும். நீங்கள் மறுத்ததாகவும் ஆகாது.

பின்னேற்புக்கு வரும் பொருள்களைக் கூட்ட நிரலில் தனிப் பகுதியாக, பணி தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் தெரியும்படி அச்சிடச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் அந்தத் தேதிகளைப் படிக்கத் தொடங்கினால் கூட்டம் அரை மணியில் முடியாது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் முதல் ஆள் உங்கள் கட்சிக்காரராகத்தான் இருப்பார். இன்னொன்று: இதற்கு நீங்கள் மேயராகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பின்னேற்புப் பொருள் ஒன்றில் பணி தொடங்கிய தேதியை அடுத்த கூட்டத்திலேயே, உறுப்பினராக எழுந்து கேட்கலாம்.